எட்டு மதகுருமார்களுக்கு ஒரு பதில்: கிங்கின் சிறைக் கடிதத்தைப் பகுத்துப் படிப்பது எப்படி?

மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் வாசகரை எவ்வாறு இணங்க வைக்கிறது என்று ஆராய்ந்து எழுதுவது உங்களுக்குத் தரப்பட்ட பணி. பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த எத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ் ஆகிய மூன்று தலைப்புகளின்கீழ் மேற்கோள்களைப் பிரித்து வைத்துவிட்டீர்கள். ஆனால் எழுதி முடித்தபின் அது பட்டியலாக மட்டுமே நிற்கிறது, எங்கே குறை என்று தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மூன்று தலைப்புகளும் தொடங்குவதற்கு உதவும். தொடங்கியபின் வழியை மறைக்கும். நன்றாக எழுதப்பட்ட ஒரு வாதத்தில் உணர்ச்சியும் தருக்கமும் தனித்தனி அறைகளில் குடியிருப்பதில்லை. ஓரிடத்தில் உணர்ச்சியாக விதைக்கப்பட்ட ஒன்று, சில பத்திகள் கழித்துத் தருக்கத்தின் ஆதாரமாக வந்து நிற்கும். இக்கடிதத்தில் அப்படிப்பட்ட ஓர் இடம் உண்டு. அதைக் கண்டுகொண்டால் உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். அங்கே போவதற்கு முன், கடிதம் யார் முன்னிலையில் பேசுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அவையறிதல் என்று நாம் சொல்வதுதான் கிங்கின் ஒவ்வொரு சொல்தேர்வுக்கும் பின்னால் இருக்கிறது.

1963 ஏப்ரல் 3 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் நிறப்பிரிவினைக்கு எதிரான போராட்டம் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் நீதிமன்றம் ஊர்வலங்களுக்குத் தடை விதித்தது. அந்தத் தடையை மீறி நடந்த கிங், ஏப்ரல் 12ஆம் நாள், புனித வெள்ளியன்று கைது செய்யப்பட்டார். அதே நாளைத் தேதியாகக் கொண்டு, அலபாமாவின் வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர் ஒரு கூட்டறிக்கை விடுத்தனர். கத்தோலிக்கத் துணை ஆயர் ஒருவர், எபிஸ்கோப்பல், மெதடிஸ்ட் சபைகளின் ஆயர்கள், பிரஸ்பிட்டேரியன், பாப்டிஸ்ட் போதகர்கள், யூத ரபி ஒருவர் என்று பல மரபினரும் அதில் கையெழுத்திட்டிருந்தனர். ஆர்ப்பாட்டங்கள் அறிவுடைமையும் ஆகா, காலத்துக்குப் பொருந்தியவையும் ஆகா; வெளியாட்களும் சேர்ந்து அவற்றை நடத்துகிறார்கள்; உரிமை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம், உள்ளூர்த் தலைவர்களோடு பேசலாம், தெருவுக்கு வரலாகாது; நிலைமையை அமைதியாகக் கையாண்ட காவல்துறை பாராட்டுக்குரியது என்பவை அவ்வறிக்கையின் சாரம்.

இந்த அறிக்கையை முதலில் முழுமையாகப் படித்துவிட்டு, அதன்பின் கடிதத்துக்கு வாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை. பதிலை மட்டும் படித்துவிட்டு நடையழகைப் புகழ்கிறார்கள். அறிக்கையைப் படித்தால் ஒன்று புலப்படும்: எழுதியவர்கள் கொடியவர்கள் அல்லர். அதே ஆண்டு ஜனவரியில், புதிதாகப் பதவியேற்ற ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பிரிவினை என்றென்றும் நிலைக்கும் என்று முழங்கியபோது, நீதிமன்றத் தீர்ப்புகளை மதித்து நடக்க வேண்டும் என்று வெள்ளையர்களிடம் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தவர்களே இவர்கள். தாங்கள் நியாயத்தின் பக்கம் நிற்பதாக மனமார நம்பியவர்கள். பகைவரை வாதத்தில் வீழ்த்துவது ஒரு வகை வேலை. தன்னை நல்லவன் என்று நம்பும் ஒருவரிடம், அவருடைய அந்த நல்லெண்ணமே தடைக்கல்லாகக் கிடக்கிறது என்று அவர் காதை மூடிக்கொள்ளாதபடி சொல்வது அதைவிடப் பல மடங்கு கடினமான வேலை. கிங் மேற்கொண்டது இந்த இரண்டாவது வேலையை.

ஆகவேதான் கடிதம் அத்தனை மெதுவாகத் தொடங்குகிறது. 'என் அன்புக்குரிய சக மதகுருமார்களே' என்று விளிக்கிறார். சிறையில் இருப்பவர் தம்மைக் கைதியாகவோ தலைவராகவோ முன்னிறுத்தாமல், அவர்களுடைய தொழிலைச் செய்யும் இன்னொருவராக அறிமுகம் செய்துகொள்கிறார். தமக்கு வரும் விமர்சனங்களுக்கெல்லாம் பதில் எழுதுவதில்லை, ஆனால் நீங்கள் உண்மையான நல்லெண்ணம் உடையவர்கள், உங்கள் விமர்சனமும் மனப்பூர்வமானது என்பதால் பொறுமையோடும் நியாயத்தோடும் பதில் சொல்ல முயல்கிறேன் என்கிறார். 'நல்லெண்ணம்' என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே மரியாதையாகக் கொடுத்த அதே சொல்லைக் கடிதத்தின் நடுவில் அவர் வேறு விதமாகத் திருப்பிக் கேட்கப் போகிறார்.

'வெளியாள்' என்ற குற்றச்சாட்டுக்கான பதில் மூன்று படிகளாக உயர்கிறது. முதற்படி வெறும் நிர்வாக விவரம்: தென் மாநிலங்கள் அனைத்திலும் இயங்கும் ஓர் அமைப்பின் தலைவர் நான், எங்களுக்கு 85 கிளை அமைப்புகள் உள்ளன, இவ்வூர்க் கிளை அழைத்ததால் வந்தேன். இதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் இதைக் கேட்டு எவருடைய மனமும் அசையாது. இரண்டாம் படியில், கிமு எட்டாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசிகள் தம் சிற்றூர்களை விட்டுக் கிளம்பினார்கள், தர்சு நகரத்துப் பவுல் ஊர் ஊராக நற்செய்தி கொண்டு போனார், நானும் அவ்வாறே வந்தேன் என்கிறார். இங்கேதான் பிடி இறுகுகிறது. தீர்க்கதரிசிகளை ரபியால் மறுக்க முடியாது. பவுலை ஆயர்களால் மறுக்க முடியாது. பவுலே சிறையிலிருந்து சபைகளுக்குக் கடிதம் எழுதியவர் என்பது அந்த எண்மருக்கும் தெரியும். கிங் அதைச் சொல்லிக் காட்டவில்லை, கடிதத்தின் வடிவமே அதைச் சொல்லிவிடுகிறது. மூன்றாம் படியில்தான், ஓரிடத்து அநீதி எல்லா இடத்து நீதிக்கும் அச்சுறுத்தல் என்ற, இன்று சுவரொட்டிகளில் காணும் வாக்கியம் வருகிறது. சுவரொட்டியில் அது ஒரு பொன்மொழி. கடிதத்தில் அது முந்தைய இரு படிகளின் மேல் ஏறி நிற்கும் முடிவு.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும்: காந்தி எங்கே? 1959இல் இந்தியாவுக்கே பயணம் செய்து, தம் போராட்ட முறைக்குக் காந்தியிடம் கடன்பட்டிருப்பதைப் பலமுறை சொன்னவர் கிங். ஆயினும் இந்த நீண்ட கடிதத்தில் காந்தியின் பெயர் வருவதில்லை. உண்மைகளைத் திரட்டுதல், பேச்சுவார்த்தை, தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளுதல், நேரடி நடவடிக்கை என்று அறப்போரின் நான்கு கட்டங்களை விளக்கும் இடத்தில்கூட வருவதில்லை. காரணத்தைக் கிங் எங்கும் எழுதிவைக்கவில்லை. என் கணிப்பு இதுதான்: 'வெளியாள்' என்று குற்றம் சாட்டுபவர் முன் இன்னும் ஒரு வெளியாளைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை. அந்த அவை எவரை ஏற்கெனவே வணங்கிவந்ததோ அவர்களையே அவர் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ஒரு பகுப்பாய்வில் என்ன சொல்லப்பட்டது என்பதோடு, சொல்லக்கூடியதாக இருந்தும் எது விடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த நீண்ட வாக்கியத்துக்கு வருவோம். 'காத்திருங்கள்' என்ற சொல் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரின் காதிலும் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, அதற்குப் பெரும்பாலும் 'ஒருபோதும் இல்லை' என்பதே பொருளாக இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, பிரிவினையின் முட்கள் தைத்தறியாதவர்களுக்குக் காத்திருக்கச் சொல்வது எளிதாக இருக்கலாம் என்கிறார். அதன்பின் ஆங்கிலத்தில் 300 சொற்களுக்கும் மேல் ஓடும் ஒரே வாக்கியம் தொடங்குகிறது. வெறிக்கும்பல் உங்கள் தாய் தந்தையரை அடித்துக் கொல்வதைக் கண்டிருக்கும்போது, வெறுப்பு நிறைந்த காவலர்கள் உங்கள் சகோதரர்களை உதைப்பதைக் கண்டிருக்கும்போது என்று, 'போது' 'போது' என்று துணைத்தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. முதன்மைத் தொடர் வரவே இல்லை. அரைப்புள்ளிக்குப் பின் அரைப்புள்ளி. கடைசியில்தான், அப்போது நாங்கள் காத்திருக்கச் சிரமப்படுவது ஏன் என்று உங்களுக்குப் புரியும் என்று வாக்கியம் முடிகிறது. காத்திருப்பைப் பற்றிய வாக்கியம், தன் வினைமுற்றுக்காக வாசகரையே காத்திருக்க வைக்கிறது. காத்திருத்தல் எப்படிப்பட்டது என்று விளக்குவதற்குப் பதிலாக அதை மூச்சுத்திணறலாக வாசகரின் உடம்பிலேயே நிகழ்த்திவிடுகிறார்.

தமிழில் படிப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் மொழியில் துணைத்தொடர்கள் முன்னே வருவதும் வினைமுற்று கடைசியில் வருவதும் இயல்பான நடை. நாம் அன்றாடம் பேசுவதே அப்படித்தான். ஆங்கிலத்தில் முதன்மைத் தொடர் விரைவில் வந்துவிடும் என்று காது எதிர்பார்க்கும். எனவே ஆங்கில வாசகருக்கு நெருக்கடியாகத் தோன்றும் இந்தத் தாமதம், மொழிபெயர்ப்பில் நமக்குச் சாதாரண நீள வாக்கியமாகத் தோன்றிவிடக் கூடும். இதை எழுதும்போது, ஆங்கிலத்தின் வழக்கமான வாக்கிய ஒழுங்கை எடுத்துச் சொல்லிவிட்டு, அந்த ஒழுங்கு எப்படி மீறப்படுகிறது என்று காட்டுங்கள். இல்லையேல் 'மிக நீண்ட வாக்கியத்தைப் பயன்படுத்துகிறார்' என்ற வெற்றுக் குறிப்பாகவே அது நின்றுவிடும்.

இன்னொரு நுட்பம் முன்னிலைப் பெயரில் இருக்கிறது. ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் கடிதம் பெறுபவரையும் குறிக்கும், 'யாராக இருந்தாலும்' என்ற பொதுப்பொருளையும் தரும். கிங் எழுதுவது கறுப்பினத்தவர் ஒருவரின் அனுபவம். ஆனால் அந்தச் சொல் வழியாக வெள்ளை ஆயர் ஒருவரின் தாயே கொல்லப்படுகிறாள், அவருடைய மகளே அழுகிறாள். வாக்கியத்தின் கடைசி நொடியில்தான் 'நாங்கள்' என்ற சொல் வந்து, வாசகரை அவருடைய பழைய இருக்கையில் மீண்டும் உட்கார வைக்கிறது. ஆனால் திரும்பி வந்து உட்காருபவர் பழைய ஆள் அல்லர்.

அந்த அடுக்கில் படிமங்கள் வரும் வரிசையையும் பாருங்கள். கொலையில் தொடங்கி, வறுமைக்கு வந்து, ஒரு வீட்டின் வரவேற்பறைக்குள் நுழைகிறது. ஆறு வயது மகள் தொலைக்காட்சியில் ஃபன்டவுன் என்ற கேளிக்கைப் பூங்காவின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ஏன் போகக் கூடாது என்று கேட்கிறாள். தந்தையின் நாக்கு தடுமாறுகிறது. கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே அனுமதியில்லை என்று அறிந்ததும் அவள் கண்ணில் நீர் திரள்கிறது. அவளுடைய சின்ன மனவானத்தில் தாழ்வுணர்ச்சியின் மேகங்கள் சூழத் தொடங்குகின்றன. பிறகு ஐந்து வயது மகனின் கேள்வி. எந்த விடுதியிலும் இடம் தராததால் இரவெல்லாம் காரின் மூலையில் ஒடுங்கித் தூங்குவது. எத்தனை வயதானாலும் 'பையா' என்று விளிக்கப்படுவது. மனைவிக்கும் தாய்க்கும் 'திருமதி' என்ற மரியாதை ஒருபோதும் கிடைக்காமல் போவது. வன்முறையின் அளவை வைத்துப் பார்த்தால் இது இறங்குவரிசை. வாசகருக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பார்த்தால் ஏறுவரிசை. கும்பல் கொலையை நேரில் கண்டிராத ஒரு போதகர், குழந்தையிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாமல் நின்ற ஒரு மாலையையேனும் அறிந்திருப்பார். வகுப்பில் இப்பகுதியை உரக்கப் படிக்கும்போது, அடித்துக் கொல்லும் வரிகளைத் தாண்டி வந்த குரல் அந்தப் பூங்கா வரியில் தடைப்படுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னதை நீங்கள் பாத்தோஸ் என்ற தலைப்பின்கீழ் வைத்திருப்பீர்கள். இப்போது அடுத்த பத்திக்குப் போங்கள். சட்டத்தை மீற நாங்கள் தயாராக இருப்பது உங்களைக் கவலைக்குள்ளாக்குகிறது என்று கிங் தொடங்குகிறார். நீதியான சட்டம், அநீதியான சட்டம் என்று இருவகை உண்டு. அநீதியான சட்டம் சட்டமே அன்று என்ற புனித அகஸ்டினின் கருத்தை மேற்கோள் காட்டுகிறார். எது அநீதியான சட்டம்? நித்திய சட்டத்திலும் இயற்கைச் சட்டத்திலும் வேரூன்றாத மனிதச் சட்டம் என்று இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் சொன்னதை முன்வைக்கிறார். மனித ஆளுமையை உயர்த்தும் சட்டம் நீதியானது, தாழ்த்தும் சட்டம் அநீதியானது என்று வரையறுக்கிறார். பிரிவினை ஆன்மாவைத் திரிக்கிறது, ஆளுமையைச் சேதப்படுத்துகிறது. ஆகவே பிரிவினைச் சட்டங்கள் எல்லாம் அநீதியானவை.

தருக்க நூலார் சொல்லும் முக்கூற்று முடிவு இது: பொதுவிதி ஒன்றையும் (பெருங்கூற்று) குறிப்பிட்ட நிலை ஒன்றையும் (சிறுகூற்று) சேர்த்து முடிவுக்கு வருவது. பெருங்கூற்று கத்தோலிக்க மரபிலிருந்து வருகிறது; தொடர்ந்து யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபரையும் புரொட்டஸ்டன்ட் இறையியலாளர் பால் டில்லிச்சையும் அழைத்துக்கொள்கிறார். கையெழுத்திட்ட எண்மரின் மரபுகளோடு இந்தப் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டிலிருந்தே ஒரு சாட்சி. ஆனால் சிறுகூற்றுக்கு, அதாவது பிரிவினை ஆளுமையைச் சேதப்படுத்துகிறது என்பதற்கு, இந்தப் பத்தியில் ஆதாரமே கிடையாது. ஏனெனில் அது ஏற்கெனவே தரப்பட்டுவிட்டது. பூங்காவுக்குப் போக முடியாத அந்தச் சிறுமி வெள்ளையர் மீது தன்னையறியாமல் கசப்பை வளர்த்துக்கொண்டு, தன் ஆளுமையைத் திரித்துக்கொள்ளத் தொடங்குவதைப் பார்க்கும்போது என்று கிங் முன்பே எழுதியிருந்தார். 'திரித்தல்', 'ஆளுமை' என்ற அதே இரு சொற்கள். முதலில் ஒரு குழந்தையின் முகத்தில் காட்டப்பட்டவை, பின்பு அக்குவினாஸின் பக்கத்தில் தருக்கச் சொற்களாக வந்து அமர்கின்றன. அந்த முகத்தைப் பார்த்துக் கலங்கிய வாசகர் சிறுகூற்றை அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார்; இனி முடிவை மறுக்க வேண்டுமானால் தம் கண்ணீரையே மறுக்க வேண்டும். உணர்ச்சியைத் தனியாகவும் தருக்கத்தைத் தனியாகவும் பிரித்து வைத்தால் இந்த இணைப்பு கண்ணில் படாது. உங்கள் கட்டுரை பட்டியலாகிப்போன இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைப் பற்றிய இந்த வாதம் முடிந்த கையோடு கடிதத்தின் குரல் மாறுகிறது. என் கிறிஸ்தவ, யூத சகோதரர்களே, உங்களிடம் இரண்டு உண்மையான ஒப்புதல்களைச் செய்ய வேண்டும் என்கிறார். ஒப்புதல் என்பது குற்றம் செய்தவர் செய்வது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலரோ ஒப்புதல்களைக் கேட்டே பழகியவர்கள். ஆனால் வெளிவருவது தம் குற்றம் அன்று, ஓர் ஏமாற்றம்: கறுப்பினத்தவரின் விடுதலைக்குப் பெருந்தடை கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் அல்லர், நீதியைவிட ஒழுங்கையே பெரிதாக எண்ணும் வெள்ளை மிதவாதிதான் என்ற முடிவுக்கு ஏறத்தாழ வந்துவிட்டேன். தீயெண்ணம் உடையவர்களின் முழுத் தவறான புரிதலைவிட நல்லெண்ணம் உடையவர்களின் ஆழமற்ற புரிதல் அதிகம் சோர்வூட்டுகிறது. தொடக்கத்தில் அடிக்கோடிட்ட சொல் இங்கே திரும்பி வருகிறது. இந்தக் கண்டனம் முதற்பத்தியில் வந்திருந்தால் கடிதம் அங்கேயே மடிக்கப்பட்டிருக்கும். நெடுந்தூரம் கூடவே நடந்து வந்த பிறகு, ஒப்புதலின் பணிவோடு வருவதால், அதைக் கேட்காமல் எழுந்து போவது கடினமாகிறது.

ஒரு நேர்மையான பகுப்பாய்வு, கடிதத்தின் அச்சமூட்டும் பகுதியையும் ஒளிக்கக் கூடாது. கறுப்பினச் சமூகத்தில் இரண்டு சக்திகளுக்கு நடுவே தாம் நிற்பதாகக் கிங் சொல்கிறார்: ஒருபுறம் பழகிப்போன செயலின்மை, மறுபுறம் வன்முறையை நெருங்கும் கசப்பு, பின்னதற்கு எலைஜா முகமது தலைமையிலான கறுப்பின முஸ்லிம் இயக்கத்தை எடுத்துக்காட்டுகிறார். அகிம்சை வழியில் வெளிப்பட முடியாத உணர்ச்சி வன்முறையில் வெளிப்படும். இது மிரட்டல் அன்று, வரலாற்று உண்மை என்கிறார். மிரட்டல் அன்று என்று ஒருவர் சொல்ல நேர்வதே, கேட்பவருக்கு அது மிரட்டலாகப் படும் என்று அவர் அறிந்திருப்பதைக் காட்டுகிறது. இதைக் குறையாக நான் கருதவில்லை. மிதவாதி என்று தம்மை நினைப்பவர்கள் எப்போதும் இரு முனைகளுக்கு நடுவே நிற்க விரும்புவார்கள். கிங் ஒரு புதிய முனையைக் காட்டித் தாமே அந்த நடுவிடத்தை எடுத்துக்கொள்கிறார். அறிக்கையில் தீவிரவாதியாகத் தோன்றியவர் இப்போது நடுவில் நிற்கிறார்.

தீவிரவாதி என்ற பட்டத்தை முதலில் மறுத்து, பிறகு ஏசுவும் தீர்க்கதரிசி ஆமோசும் லிங்கனும் தீவிரவாதிகள்தாமே என்று ஏற்கும் பகுதி புகழ்பெற்றது, எளிதில் விளங்கக்கூடியது. அதற்கு ஒரு பத்தி போதும். காவல்துறையைப் பாராட்டியதற்கான மறுமொழியும் அப்படியே: நிராயுதபாணிகள் மீது நாய்கள் பற்களைப் பதிப்பதைப் பார்த்திருந்தால் அவ்வளவு ஆர்வமாகப் பாராட்டியிருக்க மாட்டீர்கள் என்ற வரியே அனைத்தையும் சொல்லிவிடுகிறது.

இக்கடிதம் வெற்றி பெற்றதா என்று எழுதும்போது கவனம் தேவை. எண்மரும் மனம் மாறிக் கடிதத்தை வரவேற்றார்கள் என்று எழுதிவிடாதீர்கள், அப்படி நடக்கவில்லை. மே 10 அன்று எட்டப்பட்ட உடன்பாட்டுக்கு, மே மாதத் தொடக்கத்தில் சிறுவர் சிறுமியர் ஊர்வலமாக வந்து நீர்ப்பீரங்கிகளையும் நாய்களையும் எதிர்கொண்டது காரணமாயிற்று. கடிதம் பரவலாக அச்சேறியது அதற்குப் பிறகுதான். ஜூன் மாதம் ஒரு கிறிஸ்தவ இதழிலும், ஆகஸ்டில் 'அட்லாண்டிக்' மாத இதழிலும் வந்தது. அதை உண்மையில் படித்தவர்கள், பர்மிங்ஹாமிலிருந்து தொலைவில் வசித்த, கிங்குக்கு அனுதாபம் காட்டியபடியே 'கொஞ்சம் பொறுக்கலாமே' என்று நினைத்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான வாசகர்கள். எண்மரின் பெயரால் அவர்களிடம்தான் கடிதம் பேசியது. பிறருக்கு எழுதிய கடிதத்தைப் படிப்பதாக எண்ணிக்கொண்டு எச்சரிக்கையின்றி உள்ளே வந்தவர், நடுவில் 'மிதவாதி' என்ற சொல்லில் தம் முகத்தையே கண்டார்.

உங்கள் கட்டுரையை எங்கிருந்து திருத்தி எழுதுவது என்று கேட்டால், கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குமாறு சொல்வேன். ஒடுங்கிய சிறையறையில் தனித்திருப்பவன் நீண்ட கடிதங்கள் எழுதுவதும், நீண்ட சிந்தனைகளில் ஆழ்வதும், நீண்ட பிரார்த்தனைகள் செய்வதும் தவிர வேறென்ன செய்ய முடியும் என்று கடிதத்தின் நீளத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, இரண்டு மன்னிப்புகளைக் கேட்கிறார். உண்மையை மிகைப்படுத்தி, நியாயமற்ற பொறுமையின்மையைக் காட்டியிருந்தால் நீங்கள் மன்னியுங்கள்; உண்மையைக் குறைத்துச் சொல்லி, சகோதரத்துவத்துக்குக் குறைந்த எதற்கும் இசையும் பொறுமையைக் காட்டியிருந்தால் கடவுள் மன்னிக்கட்டும். இரு வாக்கியங்களும் அமைப்பில் ஒரே அச்சு. மாறுவது மன்னிப்பவர் மட்டுமே. கடுமையாகப் பேசியது மனிதரிடம் கேட்டுத் தீர்க்கக்கூடிய சிறுபிழை, பொறுத்துக் கிடந்தது கடவுளிடம் மட்டுமே கேட்கக்கூடிய பாவம் என்று அந்த இணைவாக்கியம் தரம் பிரித்துவிடுகிறது. 'காலத்துக்குப் பொருந்தாதது' என்று கையெழுத்திட்ட எட்டு மதகுருமார்களும் இந்த இரண்டில் எந்தப் பிழையைச் செய்தவர்கள் என்பதைக் கிங் எழுதவில்லை. அந்த இடத்தை அவர் வெறுமையாக விட்ட விதத்தை முதற்பத்தியில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அந்தச் சிறுமியின் முகம்வரை நடந்து போங்கள்.